சைலன்சருக்குக் கருப்பு அடித்தோம்

மடியில் முறத்தை வைத்துக்கொண்டு விதைக் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தேன். சாயங்கால வேளை. உரித்து உரித்துக் கட்டைவிரல் நகம் எரிந்தது. மேய்ச்சலுக்குப் போன மாடுகள் அப்போதுதான் திரும்பியிருந்தன.

ஏரிக்கரைத் திருப்பத்தில் மோட்டார் சைக்கிள் வந்தது. எங்கள் வாசலில் உட்கார்ந்தால் அந்தத் திருப்பம் நேராகத் தெரியும். இறங்கு வெயில் வண்டியின் இரண்டு பக்கத்துச் சைலன்சர்களிலும் பட்டு மின்னும். வண்டி இன்னதென்று தெரிவதற்கு முன்னால் அந்த மினுக்கம்தான் தெரியும். அப்புறம்தான் சத்தம் வரும்.

நான் எழுந்துவிட்டேன். முறம் சரிந்து கடலைக்காய் வாசலெல்லாம் உருண்டது. உள்ளே ஓடிப் பானையில் தண்ணீர் மொண்டுகொண்டு வாசற்படியில் வந்து நின்றேன். வந்தவுடன் அவருக்கு ஒரு சொம்பு தண்ணீர் வேண்டும். பாதியைக் குடித்துவிட்டு மீதியை முகத்தில் அடித்துக்கொள்வார்.

வண்டி வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் என் வீட்டுக்காரர் இல்லை. அவர் தம்பி தங்கவேல். என் வீட்டுக்காரர் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன.

தங்கவேல் என் கையிலிருந்த சொம்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாங்கிக் குடித்தார். முகத்தில் அடித்துக்கொள்ளவில்லை. மீதித் தண்ணீரோடு சொம்பைத் திருப்பிக் கொடுத்தார்.

போன வாரம் இந்தத் தொடரில், சத்துணவுக் கூடத்தில் எனக்கு வேலை கிடைத்ததைச் சொன்னேன். பகலெல்லாம் பிள்ளைகள், புகை, சாம்பார் அண்டா என்று போய்விடும், சாயங்காலம்தான் பொல்லாதது என்று ஒரு வரி எழுதிவிட்டு நிறுத்தியிருந்தேன். அந்தச் சாயங்காலங்களைப் பற்றித்தான் இந்த வாரம்.

இரண்டு குழாய் வண்டி

எங்கள் ஊர் கடத்தூருக்கும் மொரப்பூருக்கும் நடுவே இருக்கிறது. அவர் பெயர் மாதேஸ்வரன். உயிரோடு இருந்தவரை ஒருநாளும் அந்தப் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. இப்போது எழுதும்போதும் யாரோ பின்னால் நின்று பார்க்கிற மாதிரி இருக்கிறது.

புளியும் மஞ்சளும் வாங்கி விற்கிற வியாபாரம். காய்ப்பைப் பார்த்து மரத்துக்கு விலை பேச ஊர் ஊராகச் சுற்ற வேண்டும். சைக்கிளில் சுற்றிக்கொண்டிருந்தவர், தருமபுரியில் ஒரு டாக்டர் வீட்டில் நின்றிருந்த பழைய மோட்டார் சைக்கிளை வாங்கினார். ஒரே இன்ஜின்தான். ஆனால் அதிலிருந்து இரண்டு குழாய்கள் கிளம்பி, இரண்டு பக்கமும் வளைந்து, பின்சக்கரம் வரைக்கும் நீளும். முழுக்க நிக்கல். குனிந்தால் முகம் தெரியும்.

அரூர்ப் பக்கம் எங்கள் வீட்டுக்கு அவர் பெண் பார்க்க வந்தது அந்த வண்டியில்தான். என்னை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள். கதவிடுக்கில் பார்த்தேன். நான் முதலில் பார்த்தது அவர் முகத்தை இல்லை. அந்தக் குழாய்களைத்தான். "சைலன்சரப் பாத்துட்டுத்தான சரின்ன?" என்று கல்யாணத்துக்கு அப்புறம் கேட்டுக் கேட்டுச் சிரிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியைக் கழுவுவார். பழைய பனியனைக் கிழித்து, தேங்காய் எண்ணெயில் தொட்டு, சலித்த சாம்பலைத் தடவி, குழாய்களைத் தேய்ப்பார். எனக்கு எண்ணெய் தேய்த்துவிட யாருமில்லை, இதற்கு வந்த வாழ்வைப் பார் என்பேன்.

மயில் கழுத்து

இன்ஜினை ஒட்டி அந்தக் குழாய் வளைகிற இடத்தை மெக்கானிக்குகள் பெண்டு என்பார்கள். சூடு அதிகம் தாக்குகிற இடம். கொஞ்சநாளில் அங்கே நிறம் மாற ஆரம்பித்தது. முதலில் உருக்கிய நெய் நிறம். அப்புறம் செம்பு. ஒரு கோடைக்குப் பிறகு ஊதாவும் நீலமும் கலந்து வந்துவிட்டது.

அவருக்கு அது பிடிக்கவில்லை. "நோவு கண்ட மாதிரி இருக்குது" என்று சாம்பலைப் போட்டுப் போட்டுத் தேய்த்தார். போகவில்லை.

நான் சாம்பல் கொட்டாங்குச்சியோடு பக்கத்தில் நின்றிருந்தேன். "மயிலு கழுத்து மாதிரி அழகா இருக்குது. அதப் போயி ஏங்க தேய்க்கறீங்க?" என்றேன்.

குனிந்து பார்த்தார். வெயிலில் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பனியன் துணியை வாளியில் போட்டுவிட்டார். அதற்கப்புறம் பெண்டை மட்டும் தொடுவதே இல்லை. வண்டியைப் பார்க்க வருகிறவர்களிடம், "எங்க வூட்டுக்காரம்மா தேய்க்க வேண்டாம்னுட்டாங்க" என்று அதையும் ஒரு பெருமையாகச் சொல்வார்.

தீர்த்தமலைக்கு ஒருமுறை கூட்டிப்போனார். ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். இறங்கும்போது கெண்டைக்கால் சைலன்சரில் பட்டுவிட்டது. கோயிலுக்கு என்று வந்தவர் உள்ளே போகாமல், யார் தோட்டத்திலோ புகுந்து சோற்றுக் கற்றாழையை ஒடித்து வந்து, படிக்கட்டிலேயே உட்கார்ந்து என் காலில் தடவினார். போகிறவர் வருகிறவரெல்லாம் பார்த்தார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "காலு உன் காலா அவங்க காலா? பாத்தா பாக்கட்டும்" என்றார்.

கல்யாணமாகி இரண்டாவது வருடம் அவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி கொடுத்தோம். கேட்கவில்லை. தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியபோதும் அவர்தான் வண்டி ஓட்டினார். "பஸ்ஸுல போலாங்க" என்று எவ்வளவோ சொன்னேன். என்னைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு மெதுவாகவே போனார். வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி, புளியமர நிழலில் இளைப்பாறினார்.

திரும்பும்போது அவரை வேனில் கொண்டுவந்தோம். நான் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். பின்கண்ணாடியில் வெளிச்சம் அடித்தது. நிமிர்ந்து பார்த்தால் அந்த வண்டி வேனுக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. பரவாயில்லை, அவர் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார் என்று நினைத்தேன். கை அவர் நெற்றியின் மேல்தான் இருக்கிறது. அப்படியிருந்தும் நினைத்தேன்.

ஓட்டி வந்தது தங்கவேல். அன்றைக்குத்தான் முதல் முதலாக அவர் அந்த வண்டியை ஓட்டினார்.

கோவிந்தம்மாவின் கண்

வண்டியை விற்க முடியாது. விற்றால் வியாபாரம் நின்றுபோகும். காரியம் முடிந்த கையோடு தங்கவேல் அண்ணன் வேலையை எடுத்துக்கொண்டார். தினமும் காலையில் கிளம்பி, அண்ணன் வருகிற அதே நேரத்துக்கு, அதே திருப்பத்தில் வந்தார்.

நானும் தினமும் எழுந்தேன். இன்றைக்கு எழுந்திருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் உட்காருவேன். அந்த மினுக்கம் தெரிந்ததும் கால் தானாக எழுந்துவிடும். சில நாள் சொம்போடு வாசலுக்கு வந்த பிறகுதான் நினைவு வரும். சில நாள் நடையிலேயே வந்துவிடும்.

தெருக்குழாய் எங்கள் வீட்டுக்கு எதிரில். அங்கே தண்ணீர் பிடிக்கிற கோவிந்தம்மா இதைப் பார்த்திருக்கிறாள். பார்த்ததை வீட்டோடு வைத்துக்கொள்கிற ஆளில்லை.

ஒருநாள் என் மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அத்தை அதிகம் பேசாதவர். மகன் போன பிறகு இன்னும் குறைத்துக்கொண்டவர்.

"செல்வி, ஒன்னு கேக்கறேன். தப்பா நெனக்காத."

"கேளுங்கத்தை."

"சாயங்காலம் தங்கவேலு வர்றப்ப நீ எந்திரிச்சிப் போயி நிக்கறியாம். கோயிந்தம்மா சொல்றா." கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பை முறுக்கினார். "உம் மனசுல அப்படி ஏதாச்சும் இருந்தா எங்கிட்ட சொல்லிரு. வயசுப் புள்ள, நான் ஒன்னும் சொல்ல மாட்டேன். ஊரு ஒலகத்துல இல்லாததா? மொரப்பூர்க்காரங்களுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

மொரப்பூரில் தங்கவேலுக்கு மாமன் மகளைப் பேசி வைத்திருந்தார்கள். அந்தப் பெண்ணை அவருக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். ரயிலடிப் பக்கம் வேலை இருக்கிறதென்று சொல்லிக்கொண்டு வாரம் ஒருதரம் போய்வருவார்.

நான் எழுவது உங்கள் சின்ன மகனுக்கு இல்லை, பெரிய மகனுக்கு என்று சொல்லியிருக்க வேண்டும். வாய்வரைக்கும் வந்தது. ஆனால் அதைப் பெற்றவளிடம் எப்படிச் சொல்வது? செத்துப்போன பிள்ளை தினமும் சாயங்காலம் வருகிறான் என்று சொன்னால் அந்த அம்மாள் என்ன ஆவார்?

"அப்படியெல்லாம் ஒன்னுமில்லைங்கத்தை" என்று மட்டும் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்தார். நம்பினாரா இல்லையா என்று தெரியவில்லை.

தங்கவேலிடம் கேட்டேன்

மறுநாள் தங்கவேல் மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தார். போய் நின்றேன்.

"தம்பி, எனக்கு ஒரு ஒபகாரம் செய்யணும்."

"சொல்லுங்கண்ணி."

"வண்டி சைலன்சருக்குக் கருப்பு அடிச்சிருங்க."

"ஏங்கண்ணி? நல்லாத்தான இருக்குது?"

"நல்லா இருக்கறதாலதான் சொல்றேன்." அழக் கூடாது என்று இருந்தேன். "திருப்பத்துல அது மினுக்கறப்ப உங்கண்ணன் வர்றாப்பல இருக்குது. அதுக்குத்தான் எந்திரிக்கறேன். உங்களுக்கில்ல."

தங்கவேல் கையிலிருந்த தட்டைக் கீழே போட்டார். மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"தெரியுங்கண்ணி. சொம்ப நீட்டறப்ப உங்க மொகத்தப் பாக்கறேன் இல்லைங்களா? மொத நாளே தெரியும்."

"அப்பறம் ஏன் வாங்கிக் குடிச்சீங்க?"

"வேண்டாம்னா அப்பத்தான் உங்களுக்கு அண்ணன் இல்லைங்கற நெனப்பு வரும். வாங்கிக் குடிச்சிட்டா…" குனிந்து கீழே கிடந்த தட்டை எடுத்தார்.

"அத்தைக்கு இது தெரிய வேண்டாம் தம்பி. அவங்க தாங்க மாட்டாங்க."

"துருப் புடிக்குதுன்னு சொல்லிக்கறேன், வுடுங்க" என்றார்.

ஊரெல்லாம் புகை

கடத்தூரில் ஒரு டப்பா கருப்புப் பெயிண்டு வாங்கிவந்தார். ஜன்னல் கம்பிக்கு அடிக்கிற பெயிண்டு. ஞாயிற்றுக்கிழமை அடித்துக் காயவைத்தார். பார்க்க அமாவாசை மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை காலையில் கிளம்பியவர் ஏரிக்கரையைக்கூடத் தாண்டவில்லை. குழாய் இரண்டிலிருந்தும் புகை. மயிர் கருகுகிற மாதிரி ஒரு நாற்றம். பெயிண்டு அப்பளம் மாதிரி பொங்கிப் பொங்கி வெடித்து, நிக்கல் தெரிய உரிந்து விழுந்தது. "வண்டி பத்திக்கிச்சு" என்று யாரோ கத்த, குழாயடிப் பெண்கள் குடத்தோடு ஓடினார்கள். தங்கவேல் வேண்டாம் வேண்டாம் என்று கத்துவதற்குள், கோவிந்தம்மா ஒரு குடம் தண்ணீரை அவர் தலையில் ஊற்றிவிட்டாள். வண்டியில் ஒரு சொட்டு விழவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் போன பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான். சிரிக்கிறோமே என்று நினைத்ததும் நின்றுவிட்டது.

பாஷா பாய் பட்டறை

தருமபுரியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறச் சந்தில் பாஷா பாய் பட்டறை. நிக்கல் பூசுகிற இடம். சைலன்சர், சைக்கிள் கைப்பிடி, கல்யாணச் சீர் குத்துவிளக்கு, எல்லாம் கலந்து கிடக்கும். நான் பஸ்ஸில் போனேன். தங்கவேல் வண்டியில் வந்தார். அவர் பின்னால் உட்கார்ந்து போனால் கோவிந்தம்மாவுக்கு வேறு வேலையே இருக்காது.

விஷயத்தைக் கேட்டதும் பாய் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன தம்பி இது? ஊருல எல்லாரும் கருப்பைக் கொண்டாந்து வெள்ளியாக்கிக் குடுங்கன்னு கேக்கறாங்க. நீங்க வெள்ளியக் கருப்பாக்கச் சொல்றீங்களே?"

தங்கவேல் என்னைப் பார்த்தார். பாய் என் பொட்டில்லாத நெற்றியைப் பார்த்துவிட்டு அதற்குமேல் கேட்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

சூடு தாங்குகிற பெயிண்டு தனியாக இருக்கிறதாம். ஆனால் வழவழப்பான நிக்கல் மேல் எதுவும் ஒட்டாது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும்.

குழாய்களைக் கழற்றி சாக்கின் மேல் வைத்தார்கள். நீளமான பாகத்தைத் தேய்த்து முடித்துவிட்டு பாய் பெண்டைக் கையில் எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பினார். நீலம் ஒருமுறை ஓடி மறைந்தது.

"இது தானா வந்த கலரும்மா. தேய்ச்சிட்டா திரும்பி வராது. யோசிச்சிச் சொல்லுங்க."

"அண்ணி, இத மட்டும் வுட்ருலாங்களா?" என்றார் தங்கவேல்.

விட்டுவிடலாம்தான். ஒரு சாண் நீளம்கூட இல்லை. ஆனால் எனக்கு என்னைத் தெரியும். அந்த ஒரு சாண் மினுங்கினால் போதும், எழுந்துவிடுவேன். கோவிந்தம்மா பார்ப்பாள். மொரப்பூருக்குச் செய்தி போகும். ஒரு பெண்ணின் கல்யாணம் நிற்கும்.

"எல்லாத்தையும் சேத்தே அடிச்சிருங்க பாய்" என்றேன்.

பாய் தேய்க்க ஆரம்பித்தார். நான் கீழே விரித்த சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீலம் தேய்ந்தால் நீலமாக உதிரும் என்று நினைத்தேன்போலும். சாம்பல் நிறத்தில்தான் தூள் விழுந்தது.

அன்று சாயங்காலம்

ஊருக்கு என்ன ஆனதென்று முதலில் சொல்லிவிடுகிறேன். கோவிந்தம்மாவுக்குப் பேச ஒன்றும் கிடைக்கவில்லை. பேச்சு தானாக அடங்கியது. தை மாதம் தங்கவேலுக்கும் மொரப்பூர்ப் பெண்ணுக்கும் கல்யாணம் நடந்தது. நான்தான் முகூர்த்தப் புடவை எடுத்தேன். இன்றைக்கு அவர்களுக்குப் பேரன் பேத்தி இருக்கிறார்கள். நான் அந்தக் குடும்பத்தோடுதான் இருக்கிறேன்.

ஆனால் நான் சொல்ல உட்கார்ந்தது அதை இல்லை. பட்டறையிலிருந்து வண்டி வந்த அன்று நடந்ததைத்தான்.

நான் பஸ்ஸில் முன்னாலேயே வந்துவிட்டேன். வழக்கம்போல வாசலில் உட்கார்ந்தேன். வெயில் திருப்பத்தில் விழுந்திருந்தது. மாட்டு வண்டி ஒன்று போயிற்று. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போனார்கள். சத்தம் கேட்டு நிமிர்ந்தபோது தங்கவேல் எங்கள் வாசல் வேப்பமரத்துக்கே வந்துவிட்டிருந்தார். திருப்பத்தில் அவர் வந்ததை நான் பார்க்கவே இல்லை.

எழுந்திருக்கவில்லை. எதற்காகக் கருப்பு அடிக்கச் சொன்னேனோ அது நடந்துவிட்டது. தங்கவேல் வண்டியை நிறுத்தினார். என்னைப் பார்க்காமல் உள்ளே போய், தானே தண்ணீர் மொண்டு குடித்தார்.

நான் முறத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த மினுக்கம் தெரிவதற்கும் நினைவு வருவதற்கும் நடுவில் ஒரு கண நேரம் இருந்தது. அந்தக் கண நேரத்தில் அவர் செத்திருக்கவில்லை. வந்துகொண்டிருந்தார். தண்ணீர் வேண்டும் அவருக்கு. தினம் ஒருமுறை எனக்குக் கிடைத்துக்கொண்டிருந்த அதை நானே பட்டறைக்குப் போய் உட்கார்ந்து தேய்க்கச் சொல்லியிருக்கிறேன்.

கொட்டகையில் கன்று விடாமல் கத்தியது. பால் கறக்கிற நேரம் தாண்டிவிட்டது. அத்தை ஏன் இன்னும் கறக்கவில்லை என்று எழுந்து போனேன்.

அத்தை கொட்டகை வாசலில் மணையில் உட்கார்ந்திருந்தார். மடியில் காலிச் சொம்பு. முகம் ஏரிக்கரைப் பக்கம் இருந்தது.

"என்னங்கத்தை, மேலுக்கு முடியலையா?"

"சைலன்சருக்கு மறுபடியும் கருப்பு அடிச்சிட்டு வந்திருக்கான் பாத்தியா?" என்றார். "துருப் புடிக்குதாம். புடிச்சா புடிச்சிட்டுப் போவுது."

"நல்லாத்தான இருக்குதுங்கத்தை."

"ஒனக்கு நல்லா இருக்கும்." குரல் உடைந்தது. "நான் அவன் போட்டாவக்கூடப் பாக்கறதில்ல. சாயங்காலமானா அந்தத் திருப்பத்துல மினுக்குமில்ல, அப்ப மட்டும் எம் பெரிய புள்ள வர்றான்னு ஒரு நெனப்பு ஓடும். ஒடனே போயிரும். போனாப் போவட்டும், ஓடுச்சில்ல, அது போதும்னு இருந்தேன். அதுக்காவத்தான் பால் கறக்கறதக்கூட இந்த நேரத்துக்குத் தள்ளி வெச்சேன். இன்னிக்கு அதுவும் வரல."

சாணியும் தட்டும் கிடந்த தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"தங்கவேலு இல்லைங்கத்தை. நாந்தான் அடிக்கச் சொன்னேன்."

"நீயா? எதுக்கு?"

"எனக்கும் அப்படித்தாங்க ஓடும். அதான் எந்திரிச்சி எந்திரிச்சி நின்னேன். உங்ககிட்ட சொன்னா தாங்க மாட்டீங்கன்னு…"

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவு நேரம் என்னை யாரும் பார்த்ததில்லை. பிறகு என் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"அடிப்பாவி மகளே" என்றார். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா ரெண்டு பேரும் ஒன்னா எந்திரிச்சிருப்பமேடி."

கன்று கயிற்றை இழுத்து இழுத்துக் கத்திக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து தங்கவேல், "அம்மா, கன்னுக்குட்டி கத்துது பாருங்க" என்றார். நாங்கள் இரண்டு பேருமே எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவரே வந்தார். எங்களைத் தாண்டிப் போய்க் கன்றை அவிழ்த்துவிட்டார். அன்றைக்குப் பால் முழுவதையும் அதுவே குடித்தது.